ஹட்டோ டீமுக்கு நான் கோச் ஆன கதை

டிசம்பர் முதல் சனிக்கிழமை எனக்குப் பெண்டாட்டி கிடையாது, பிள்ளை கிடையாது, கடமை என்கிற கெட்ட பழக்கம் கிடையாது என்று செப்டம்பர் மாதமே முடிவு செய்துவிட்டேன். முடிவை யாரிடமும் சொல்லவில்லை. என் முடிவுகளை நான் வெளியே சொல்வதில்லை. சொன்னால் சாயங்காலத்துக்குள் அவை பவளத்தின் முடிவுகளாகிவிடும்.

பவளம் என் மனைவி. நான் சேனாபதி. சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம், குடியிருப்பது டெக்சாஸில் ரவுண்ட் ராக். இருபது வருஷம் முன்னால் இங்கே ஒரு யுனிவர்சிட்டியில் எம்.எஸ். படித்தேன். படித்ததெல்லாம் மறந்துவிட்டது. அந்த யுனிவர்சிட்டியின் ஃபுட்பால் டீம் மட்டும் மறக்கவில்லை. காலால் உதைக்கிற ஃபுட்பால் இல்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஒருத்தன் மேல் ஒருத்தன் விழுகிற ஃபுட்பால். இருபது வருஷமாக எங்கள் டீம் கான்ஃபரன்ஸ் ஃபைனலை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இந்த வருஷம் போகும் என்று எனக்குள்ளே பட்சி சொல்லிற்று. பக்கத்து வீட்டுக் கஸ்தூரிரங்கனும் அதே யுனிவர்சிட்டி, அதே பைத்தியம். அந்த டிசம்பர் சனிக்கிழமை டல்லாஸ் பக்கத்து ஸ்டேடியத்தில் நடக்கிற ஃபைனலுக்கு இரண்டு சீட் வாங்கிவிட்டோம். வீட்டில் என்ன சொல்வது என்பதும் ரெடி. "டல்லாஸ்ல ஆபீஸ் டிரெய்னிங்."

இந்தக் கான்ஃபரன்ஸ் என்கிற கூத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பதினாறு காலேஜ் டீம்கள் சேர்ந்த கூட்டம் அது. சேர்ந்தால் எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும் இல்லையா? மாட்டார்கள். ஒரு டீம் ஒன்பது பேரோடு ஆடும், மீதி ஆறு பேரை டிவியில் பார்த்துக்கொள்ளும். சீசன் கடைசியில் மூன்று டீம் சமமாக வந்து நிற்கும். ஃபைனலில் இடமோ இரண்டு பேருக்குத்தான். அவர்களுக்குள் ஆடியிருந்தால் ஜெயித்தவன் போகலாம். ஆடித் தொலைக்கவில்லையே! அதனால் கோட்டு போட்ட கனவான்கள் உட்கார்ந்து ஒரு விதி கண்டுபிடித்தார்கள். நீ தோற்கடித்த டீம்களெல்லாம் மற்ற ஆட்டங்களில் எத்தனை ஜெயித்தன என்று கூட்டு. அதிகம் வந்தவன் ஃபைனலுக்குப் போ. அதாவது நான் ஃபைனலுக்குப் போவேனா என்பதை, நான் ஆடாத ஓர் ஆட்டத்தில், நான் ஏற்கனவே அடித்து அனுப்பிய ஒரு சோப்ளாங்கி தீர்மானிப்பான்.

இரண்டு வருஷம் முன்னால் இந்த விதிதான் எங்கள் டீமை வெளியே தள்ளியது. அன்றிலிருந்து என் வீட்டில் இதுதான் பிரசங்கம்.

"எட்டு எட்டாப் பிரிக்கோணும் பவளம். எட்டுப் பேரும் அவங்களுக்குள்ள ஆடட்டும். இந்த எட்டுல முதல் ஆளு, அந்த எட்டுல முதல் ஆளு, ரெண்டு பேருக்கும் ஃபைனல். இது தெரியாதா அவனுகளுக்கு?"

"வெங்காயம் உரிச்சாச்சுங்களா?"

"நான் நியாயம் பேசிட்டு இருக்கேன்."

"பதினாறு பேரை விருந்துக்குக் கூப்பிட்டு ஒம்பது பேருக்கு எலை போடற கூட்டமுங்க அது. அவங்ககிட்டப் போயி என்ன நியாயத்தை எதிர்பாக்கறீங்க? உரிங்க."

எனக்கு இரண்டு வருஷம் பிடித்த வாதம். அவள் ஒரே மூச்சில் முடித்துவிட்டு உளுந்தைக் கழுவப் போய்விட்டாள். இதனால்தான் நான் அவளோடு அரசியலும் பேசுவதில்லை.

பவளத்துக்கும் ஒரு ஆட்டம் உண்டு. த்ரோபால். எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சங்கம் பெண்களுக்கு நடத்துகிற லீக். வலைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற பந்தைப் பிடித்து மூன்று விநாடிக்குள் திருப்பி எறிய வேண்டும், அவ்வளவுதான். சீடர் பார்க், லியாண்டர், ஹட்டோ என்று அக்கம்பக்கத்து ஊர்களுக்கு ஒன்றாகப் பத்து டீம்கள், ஞாயிறுதோறும் ஆட்டம். ரவுண்ட் ராக் டீமுக்குப் பவளம்தான் கேப்டன். நான்கு வருஷமாக ஆடுகிறாள். ஆடட்டும், நான் குறுக்கே நிற்பதில்லை. பார்க்கவும் போவதில்லை.

நவம்பர் இரண்டாவது வாரம் சங்கத்திலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. ஸ்கூல் ஜிம் ஒரே ஒரு நாள்தான் கிடைத்ததாம். ஃபைனல், டிசம்பர் முதல் சனிக்கிழமை, காலை பதினோரு மணி.

எங்கள் ஃபுட்பால் ஃபைனலும் அதே சனி, அதே பதினோரு மணி.

சாதாரண மனிதன் இதற்காகக் கலங்க வேண்டியதில்லைதான். ஆனால் இந்த லீக்கில் ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. ஃபைனலுக்கு வருகிற இரண்டு டீம்களின் கணவர்களும் அன்றைக்குச் சமையல் செய்ய வேண்டும். முந்நூறு பேருக்கு உப்புமா, வடை, சட்னி. எந்த மகராசி கொண்டுவந்தாளோ தெரியாது. போன வருஷம் சீடர் பார்க் கணவர்கள் கிண்டிய ரவையைப் பார்த்து நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். இந்த வருஷம் அந்தக் கரண்டி என் கையை நோக்கி வந்துகொண்டிருந்தது. சீடர் பார்க் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, அது உள்ளே. இன்னொரு இடத்துக்கு எங்கள் ரவுண்ட் ராக்கும் லியாண்டரும் ஆளுக்கு ஒரு தோல்வியோடு சமமாக நின்றார்கள். இங்கேயும் எல்லோரும் எல்லோரோடும் ஆடுவதில்லை, இருவருக்கும் நடுவில் ஆட்டம் கிடையாது. மூன்று வாரம் பாக்கி. இரண்டு பேருக்கும் மிச்சமிருந்தது சப்பை ஆட்டங்கள்.

கஸ்தூரிரங்கன் வேலியோரம் வந்து நின்றார். அவர் மனைவி ஹம்சாவும் பவளத்தின் டீம்.

"சேனா, நம்மாத்து லேடீஸ் ஃபைனல் போயிட்டா நாம காலி. எனக்கு வடை தட்டவே வராதுய்யா."

"சமமா வந்தா யாரை அனுப்பறதுன்னு லீக்ல ரூலே கிடையாது. இன்னிக்கு மீட்டிங்ல அதைத்தான் பேசப் போறாங்க."

"யாரு எழுதப் போறா?"

"வேற யாரு?"

ஊரே அறியும், சமமாக நிற்பவர்களைப் பிரிக்கிற டை பிரேக்கர் விதி என்றால் சேனாபதி. லைப்ரரி ஹாலில் கூட்டம் கூடியது. விளையாட்டுச் செயலாளர் வேலுமணி, நல்ல பையன், என் பக்கம் திரும்பினான்.

"சேனாபதியண்ணா, நீங்கதானுங்க இதெல்லாம் கரைச்சுக் குடிச்சவரு. புள்ளி வித்தியாசத்தைப் பாத்து அனுப்பிடலாங்களா?"

புள்ளி வித்தியாசம் பார்த்தால் பவளம் டீம் எங்கேயோ இருந்தது. ஹட்டோ டீமை மட்டும் நாற்பது புள்ளி வித்தியாசத்தில் துவைத்திருந்தார்கள்.

"அது காட்டுமிராண்டித்தனம் தம்பி. பாவப்பட்ட டீமைப் போட்டு அடிச்சதுக்குப் பரிசா? நாகரிகமான முறை ஒண்ணு இருக்குது. நாம தோற்கடிச்ச டீமுக மத்த ஆட்டத்துல எத்தனை ஜெயிச்சாங்கன்னு கூட்டோணும். எச்சு வந்தவங்க ஃபைனல்."

ஆமாம். அதே விதி. நான் இரண்டு வருஷம் காறித் துப்பிய விதி. கொள்கை என்று ஒன்று இருக்கலாம். ஆனால் அதற்கு டிக்கெட் வாங்கி நான் வைத்திருக்கவில்லை.

கணக்கை முந்தின நாளே போட்டுப் பார்த்திருந்தேன். லியாண்டர் ஜெயித்ததெல்லாம் நல்ல டீம்கள். பவளம் ஜெயித்தது முக்கால்வாசி நோஞ்சான்கள். எந்தப் பக்கம் புரட்டினாலும் கடைசியில் லியாண்டருக்குப் பதினாறு, நமக்குப் பதினாலு. பவளம் வெளியே. நான் டல்லாஸில்.

பவளம் எதிர்ப்பாள் என்று நான்கு பதில்கள் தயாராக வைத்திருந்தேன். அவள் முறுக்கைக் கடித்துக்கொண்டே என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"நேத்து வரைக்கும் இதை அநியாயம்னு டிவி முன்னாடி கத்துனீங்களே?"

"அது ஃபுட்பாலுக்கு. த்ரோபாலுக்குச் சரியா வரும்."

"அப்படீங்களா? நல்ல ரூலுங்க. நான் வழிமொழியறேன்."

நான்கு பதில்களும் வீணாயின. அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெற்றி பெற்றவனுக்கு மூளை வேலை செய்வதில்லை.

வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போது பவளம் சொன்னாள்.

"ஏனுங்க, ஹட்டோ டீம்ல பர்வதம் ஆன்ட்டி இருக்காங்கல்ல, கேப்டன். அவங்க ரொம்ப மனசொடிஞ்சு போயிட்டாங்க. ஒரு ஆட்டங்கூட ஜெயிக்கலை. நீங்க கொஞ்சம் போயிச் சொல்லிக் குடுத்தா என்னங்க?"

"நானா?"

"உங்களுக்குத் தெரியாத ஆட்டமுங்களா? அந்த மூளையை இங்க நானும் நம்ம பொண்ணு வெண்பாவும் மட்டும் அனுபவிச்சு என்ன பிரயோஜனம்?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கொஞ்சம் உறுத்திக்கொண்டிருந்தது. கட்டின பெண்டாட்டியை விதி எழுதி வெட்டியிருக்கிறேன். அதற்குப் பரிகாரமாக எங்கேயாவது ஒரு புண்ணியம் செய்யலாமே என்று தோன்றியது. ஹட்டோவை விடப் பெரிய அனாதை எங்கே கிடைக்கும்? ஒத்துக்கொண்டேன்.

ஹட்டோ டீமைப் பார்த்ததும் ஒத்துக்கொண்டது தப்பு என்று தெரிந்தது. பந்து வந்தால் விலகி வழிவிடுகிற பண்பாடு அவர்களுக்கு. தவறிப்போய் பிடித்துவிட்டால், "நீங்க போடுங்க", "இல்ல நீங்க போடுங்க" என்று உபசாரம். மூன்று விநாடி அதற்கே சரியாகிவிடும். ஓரத்தில் பர்வதம் ஆன்ட்டியின் கணவர் மகாதேவன் அங்கிள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆட்டம் எப்போது முடியும் என்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பர்வதம் ஆன்ட்டி பிளாஸ்கிலிருந்து ஃபில்டர் காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார்கள்.

"கோச், நீங்க எப்படிச் சொல்றீங்களோ, நாங்க அப்படியே பண்றோம்."

கோச்! இருபது வருஷத்தில் ஆபீஸில் என்னை யாரும் பெயர் சொல்லிக்கூடச் சரியாகக் கூப்பிட்டதில்லை. ஒருத்தன் இன்னும் 'சேன்' என்கிறான். அதற்கும் மேலே, நான் சொல்வதை அப்படியே செய்கிறேன் என்று ஒரு பெண்மணி என் முகத்துக்கு நேரே சொல்லி நான் கேட்டதில்லை.

விசில் வாங்கினேன். தொப்பி வாங்கினேன். வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் விட்டு நேரே ஹட்டோ. ஃபுட்பாலில் நான் கரைத்துக் குடித்ததையெல்லாம் ஒரே சூத்திரமாகச் சுருக்கிக் கொடுத்தேன்.

"அந்தப் பக்கம் யாரு பேசிட்டு இருக்காங்கன்னு பாருங்க ஆன்ட்டி. அவங்க தலைக்கு மேலே போடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

நம் பெண்கள் லீக்கில் எந்த நேரமும் யாராவது ஒருவர் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். ஹட்டோ முதல் ஞாயிறு ஜெயித்தது. ஜெயித்தோம் என்று அவர்களுக்கே புரியவில்லை, நான்தான் சொன்னேன். மகாதேவன் அங்கிள் எழுந்து நின்று, அப்போ கிளம்பலாமா என்று கேட்டார். இரண்டாவது ஞாயிறும் ஜெயித்தது. பர்வதம் ஆன்ட்டி கண் கலங்கிவிட்டார்கள். நானும்தான். வீட்டுக்கு வந்து பவளத்திடம் ஒன்றரை மணி நேரம் விவரித்தேன். அவள் ஒரு கேள்விகூட விடாமல் கேட்டாள். எனக்குப் புளியோதரை செய்து போட்டாள். அதுவும் அப்பளத்தோடு.

நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை வந்தது. சனிக்கிழமை ஃபுட்பால் சீசனின் கடைசி நாள். நான் பயந்தது போலவே மூன்று டீம் சமமாக நின்றன, அதில் ஒன்று எங்கள் டீம். மறுபடி அதே விதி. மறுபடி அதே கூட்டல். அக்டோபரில் எங்களிடம் உதை வாங்கின ஒரு டீம், சீசன் பூராவும் தூங்கினது, அன்றைக்குப் பார்த்து எழுந்து உட்கார்ந்து ஜெயித்துவிட்டது. அந்த ஒரு ஜெயத்தில் எங்கள் டீம் ஃபைனலுக்குள் போய்விட்டது.

நான் சோபா மேல் நின்றேன். பவளம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். எங்கள் மகள் வெண்பா, பதிமூன்று வயசு, தமிழில் கேட்டு இங்கிலீஷில் பதில் சொல்கிறவள், போனை என் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தாள்.

"அப்ப இது நல்ல ரூல்தானுங்களா?"

"அருமையான ரூல் பவளம். விஞ்ஞானபூர்வமானது. யாரும் குறை சொல்லவே முடியாது."

"எங்க லீக்குக்கும் இதே ரூலு. கடைசி வரைக்கும் மாத்தக் கூடாது."

"மாத்தறதா? எவன் மாத்தறான்னு நான் பாக்கறேன்."

"வெண்பா, வந்துடுச்சா கண்ணு?"

"காட் இட், அம்மா."

என்ன வந்தது என்று நான் கேட்கவில்லை. டீம் ஃபைனலில் இருக்கும்போது யார் அதையெல்லாம் கேட்பார்கள்?

மறுநாள் ஞாயிறு. லீக்கின் கடைசி நாள். ஹட்டோ மூன்றாவது ஆட்டமும் ஜெயித்தது. எட்டு பெண்கள் என்னைச் சுற்றி நின்று கை தட்டினார்கள். அப்போதுதான் வேலுமணி மைக்கைத் தட்டினான்.

"சேனாபதியண்ணன் எழுதின ரூல் படி கணக்குங்க. லியாண்டர் பதினாறு. ரவுண்ட் ராக் பதினேழு. ஃபைனல்ல சீடர் பார்க், ரவுண்ட் ராக்!"

பதினேழா? என் கணக்கில் பதினாலு. மூன்று எங்கிருந்து வந்தது என்று விரல் விட்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. கழுத்தில் விசில் தொங்கியது. பவளம் தோற்கடித்த டீம்களில் ஹட்டோவும் ஒன்று. ஹட்டோவின் ஒவ்வொரு ஜெயமும் பவளத்தின் கூட்டலில் ஒவ்வொன்று. மூன்று வாரம் காபி குடித்துக் குடித்து நானே என் பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஃபைனலில் வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பவளம் நிதானமாக ஆரம்பித்தாள்.

"சனிக்கிழமை டல்லாஸ்ல டிரெய்னிங்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா. முக்கியமான டிரெய்னிங்."

"அந்த டிரெய்னிங்குக்கு செக்‌ஷன் இருநூத்திப் பதினாலு, ஒம்பதாவது வரிசைன்னு சீட்டு நம்பரெல்லாம் போட்டுத் தருவாங்களாங்க?"

டிக்கெட் வாங்கினதும் மெயில் வந்திருக்கிறது. மெயில் தானாகவே காலண்டரில் ஏறியிருக்கிறது. அது எங்கள் வீட்டுப் பொதுக் காலண்டர். பல் டாக்டர், கார் சர்வீஸ், வெண்பாவின் பாட்டு கிளாஸ், எல்லாவற்றுக்கும் நடுவில் செப்டம்பரிலிருந்து அது உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் அந்தக் காலண்டரைத் திறக்காத ஒரே ஆள் நான்தான்.

"தெரிஞ்சே மூணு மாசம் சும்மா இருந்தியா?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லலை. போச்சாது, போயிட்டு வரட்டும்னுதான் இருந்தேன். பொறவு என்ற டீமையே வெட்டறதுக்கு ரூலு எழுதுனீங்க பாருங்க, அங்கதான் வலிச்சுது."

நான் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி வைத்தேன்.

"உங்க டீம்ல எப்பவாச்சும் பந்தை உதைக்கறதுக்குன்னே மூணு பேரு இருக்காங்கல்ல, அதுல மூணாவது ஆளு, ஒரு ஆட்டங்கூட ஆடாதவன், அவன் சட்டை நம்பர் என்னங்க?"

"நாப்பத்தேழு."

"என்ற சட்டை நம்பரு?"

எனக்குத் தெரியவில்லை. நான்கு வருஷமாக அந்தச் சட்டையைத் துவைத்து மடிக்கிற முறை எனக்கு. மடித்திருக்கிறேன், பார்த்ததில்லை.

"பதினஞ்சு வருஷமா நீங்க ஆட்டம் பாக்கறதை நான் பாத்துட்டு இருக்கறேன். ஒரே ஒரு ஆட்டம் நான் ஆடறதை நீங்க பாக்கோணும். அவ்வளவுதான் எனக்கு."

ரூல் சரியில்லை என்று கடைசியாக முனகிப் பார்த்தேன். வெண்பா போனை நீட்டினாள். சோபா மேல் நின்றுகொண்டு நான், "விஞ்ஞானபூர்வமானது" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

"அந்த ரெண்டு சீட்டையும் பர்வதம் ஆன்ட்டிக்கு அனுப்பிடுங்க. மூணு ஆட்டம் ஜெயிச்சுக் குடுத்திருக்காங்க, பாவம், அங்கிளும் அவங்களுமாப் போயிட்டு வரட்டும்."

"ரங்கனோட சீட்டு?"

"ஹம்சாகிட்டப் பேசியாச்சுங்க."

என் விரலாலேயே டிரான்ஸ்ஃபர் பட்டனை அழுத்தினேன். ஒரு தடவை அழுத்தினால் போகாது, நிச்சயமா என்று இன்னொரு தடவை கேட்டது. அதற்கும் அழுத்தினேன்.

சனிக்கிழமை ஜிம்முக்குப் பின்னால் நான் ரவை கிண்டினேன். கஸ்தூரிரங்கன் வடை தட்டினார். ஒன்றுகூட வட்டமாக வரவில்லை. ஸ்கோர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்று கணவர்களின் போன்களையெல்லாம் பிடுங்கி ஒரு இட்லிப் பானையில் போட்டு மூடி, மூடி மேல் ஹம்சா ஒரு அரவைக் கல்லை வைத்துவிட்டுப் போயிருந்தாள். பதினோரு மணிக்குக் கரண்டியோடு கோர்ட் ஓரம் போய் நின்றேன். பதினோராம் நம்பர். அவள் சட்டை நம்பர் பதினொன்று. பாவி, என்னமாய் எறிகிறாள்! பேசிக்கொண்டிருக்கிற ஆளைத் தேடித் தேடி அவள் தலைக்கு மேலே போட்டாள். நான் ஒன்றரை மணி நேரம் விவரித்ததை வீணாக்கவில்லை. மூன்றாவது செட்டில் இருபத்துநான்குக்கு இருபத்துநான்கு என்று வந்தபோது எனக்கு ஃபுட்பால் ஞாபகமே இல்லை. "போடு பவளம், இடது பக்கம் போடு" என்று கத்தியது நான்தான். அவள் வலது பக்கம் போட்டாள், ஜெயித்தாள்.

கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது, உப்புமா அடிப்பிடித்திருந்தது. அடிப்பிடித்ததையே பந்தி போட்டு மணி மூன்றானபோது ஜெயித்த கோப்பையோடு அவள் என் பக்கம் வந்தாள். பானையிலிருந்து என் போனை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

"பாத்துக்குங்க, உங்க டீம் என்ன ஆச்சுன்னு."

நெட்வொர்க் இழுத்துக்கொண்டே நின்றது, ஸ்கோர் வரவில்லை. ஸ்டேடியத்திலிருந்து பர்வதம் ஆன்ட்டியின் மெசேஜ் மட்டும் வந்திருந்தது. ஒன்பதாவது வரிசையில், என் சீட்டில், அங்கிளோடு ஒரு செல்ஃபி. கீழே எழுதியிருந்தார்கள்:

"கோச், மேட்ச் ரொம்ப டைட்டா இருந்தது. பார்க்கிங்ல கூட்டம் வந்துடும்னு அங்கிள் சொன்னதால முடியறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே கிளம்பிட்டோம், யார் ஜெயிச்சாங்கன்னு தெரிஞ்சா சொல்லுங்க."